எனக்கு வைத்த தட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. இந்த ஜன்னல் கம்பியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இது இரும்பு. முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து இரும்பால் சோறு தின்றவன் நான். இரும்பைத் தொட்டுக்கொண்டு பொய் பேச மாட்டேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தால் இந்த பஸ் பெரம்பலூரைத் தாண்டாது. ஏன் சிரிக்கிறீர்கள்? டிரைவருக்காகப் பரிதாபப்படுகிறீர்களா?

உங்கள் பெட்டியில் தொங்குகிற அட்டையைப் பார்த்துத்தான் கேட்டேன். போலந்தா! என்ன பொருத்தம் பாருங்கள். நான் பாட்டுக்குச் சென்னைக்கு, கண் ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பி வந்து, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் போலந்து. அந்தப் பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். கோயில் பிரசாதமா? இல்லை, பழம் தேங்காய் எல்லாம் இருக்கட்டும், அந்த வெற்றிலை எட்டிப் பார்க்கிறது. எனக்கு ஆகாது. பல் போய்விட்டது, அதனால்தான். வேறொன்றுமில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் எனக்குப் பெயரே போலந்தார். நாற்பத்தொரு நாள் அங்கே இருந்தேன். அந்த நாற்பத்தொரு நாளை ஏறக்குறைய ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் தீர்ந்தபாடில்லை. குளிர் என்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். முதல் நாள் கொல்லைப்பக்கம் நின்று டீ ஆற்றினேன். நம் ஆட்கள் ஆற்றுவதுபோலக் கையை உயர்த்தி, ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். நடுவிலேயே உறைந்துவிட்டது. டீ, கயிறு மாதிரி. அதைத் துணிக்கொடியில் போட்டு வைத்து, வேண்டும்போது ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொள்வேன். இரும்பின் மேல் கை இருக்கிறது, பாருங்கள்.

ரொட்டிக் கடைக்குப் போனால் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கரடி. அதன் முறை வந்ததும் திரும்பிப் பார்த்து, பெரியவரே, நீங்கள் முதலில் வாங்குங்கள் என்கிற மாதிரி ஒதுங்கி நின்றது. என்ன? அந்தப் பக்கம் கரடியே கிடையாதா? நீங்கள் எந்தப் பக்கம்? வடக்கே, கப்பல் கட்டுகிற ஊரா? சரி, அப்படியென்றால் அது கரடித்தோல் கோட்டுப் போட்ட ஆளாக இருந்திருக்கும். கண் சரியில்லை என்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

நானும் அதே ஊரில்தான் இருந்தேன். என் மகன் அங்கே வெல்டர். அறிவழகன் என்று பெயர். ஐ.டி.ஐ. முடித்து, சிங்கப்பூர் போய், அங்கிருந்து போலந்து. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். அக்னியெஷ்கா. என் நாக்கு பாதி வழியிலேயே இறங்கிவிடும், அதனால் அக்னி என்று கூப்பிடுவேன். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, "வந்து ஒரு மூணு மாசம் எங்ககூட இருங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பினான். ஜனவரி முதல் வாரம் போய் இறங்கினேன்.

இதைக் கேளுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அக்னி கதவைத் திறந்தாள். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். மருமகளாயிற்றே, வெறும் கையோடு போகக் கூடாது என்று வாங்கிப் போன புடவையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை! இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். எனக்குச் சுருக்கென்றது. அறிவு சிரிக்கிறான். "அப்பா, படிக்கு ரெண்டு பக்கமும் நின்னு கை கொடுக்க மாட்டாங்க, எதையும் கொடுத்து வாங்க மாட்டாங்க. உள்ள வாங்க."

அடேயப்பா! நம் வீட்டிலும் அதுதானே? நிலைப்படிக்குக் குறுக்கே ஒரு படி அரிசி கொடுப்போமா? எனக்கு அப்படியே குளிர் விட்டுப்போயிற்று. இவர்கள் நம் ஆட்கள்தான், தோல்தான் வேறு என்று அந்த நிமிஷம் முடிவு கட்டினேன். செருப்பையும் வெளியேதான் கழற்றுகிறார்கள். போதாதா? நமக்குத் தெரிந்ததெல்லாம் இவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது என் தப்பா, சொல்லுங்கள்?

அவளுக்கு அறிவு இரண்டே இரண்டு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தான். ஒன்று அப்பா. இன்னொன்று சாப்பிடு. மரியாதை எல்லாம் கிடையாது. காலையில் எழுந்தால், "அப்பா, சாப்பிடு." மத்தியானம், "அப்பா, சாப்பிடு." எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று கையை மறித்தால், கோபமாக, "அப்பா! சாப்பிடு!" ரயில்வேயில் இன்ஸ்பெக்டர்கூட என்னை அப்படி அதட்டியதில்லை.

பேத்தி மாயா. அப்போது அவளுக்கு நாலு வயது. எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. ஆனால் ரயில் எல்லோருக்கும் தெரியும் அல்லவா? நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். அவள் கூவிக்கொண்டே ஓடி வருவாள். சிவப்புத் துண்டைக் காட்டினால் நின்றுவிட வேண்டும். ஒரு காலைத் தூக்கியிருந்தால் தூக்கியபடி. பச்சைத் துண்டைக் காட்டினால்தான் தாண்ட வேண்டும். ஒரு நாளும் சட்டத்தை மீறியதில்லை. ஒரு தடவை, சிவப்பைக் காட்டிவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்விட்டேன். எழுந்து பார்த்தால் அந்தக் குழந்தை அதே இடத்தில், ஒற்றைக் காலில். அக்னி வந்து திட்டினாள். என்ன திட்டினாள் என்று தெரியாது, ஆனால் திட்டு என்று தெரிந்தது. மாமியார் இல்லாத வீட்டில் மாமனாரைத் திட்டுகிற உரிமை மருமகளுக்கு உண்டு, நான் அதெல்லாம் பெரிதுபடுத்துவதில்லை.

என் வாய்தான் சும்மா இருக்காது. "என்னடா ஊரு இது? கடல் இருக்கு, கப்பல் இருக்கு, காசு இருக்கு, ஒரு மனுஷன் சாப்பிட்டுட்டு வாய்ல போட ஒரு..." என்று தினமும் ஏதாவது சொல்வேன். விளையாட்டுக்குத்தான். அறிவும் சிரித்துக்கொண்டே, "உங்க வாய்க்குப் பூட்டு வாங்கத்தான்பா போகணும்" என்பான்.

பிப்ரவரி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் பெரிய ஊருக்குக் காரில் போனான். அறுபது கிலோமீட்டர். எதற்கு என்றால்... ஏதோ சாமான் வாங்க. சாலையில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும் என்பார்களே, அதில் கார் சறுக்கி, எதிரே வந்த லாரியில்... விடுங்கள். முப்பத்து ஆறு வயது.

வழியில் போன ரயிலுக்கெல்லாம் நல்லபடியாகக் கேட் மூடித் திறந்தேன், தம்பி. முப்பத்து நாலு வருஷத்தில் என் கேட்டில் ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை.

அவர்கள் வழக்கப்படி அடக்கம் செய்தார்கள். அக்னி மூக்கு சிவந்து, கறுப்புக் கோட்டுக்குள் ஒடுங்கி, விறைத்துப்போய் நிற்கிறாள். வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக அவள் கையைப் பிடித்து, ஏதோ சொல்லி, அப்புறம் என்னிடம் வந்து என் கையைப் பிடித்து, ஏதோ சொல்லி... எல்லோரும் சொல்லிக்கொண்டு போகிறார்கள்! ஒருவர் விடாமல்! துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போவார்களா? போய்விட்டு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு தடவை இதே மாதிரி வருகிறேன் என்றல்லவா ஆகும்? அந்த வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு உயிர். அவளும் குழந்தையும்.

நிலைப்படி தெரிந்தவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். சோகத்தில் மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் கிளம்பிவிட்டேன். அறிவோடு வேலை பார்த்த கொல்லத்துக்காரன் பிஜுதான் டிக்கெட்டை முன்னால் மாற்றிக் கொடுத்தான், விடியற்காலையில் காரும் கொண்டுவந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

பிஜு கேட்டான், "அங்கிள், அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"துக்க வீட்டுல சொல்லிக்கிறது உண்டாடா? உங்க ஊர்ல உண்டா?"

"இல்ல அங்கிள். ஆனா அவங்களுக்கு அது தெரியாதே."

"எல்லாம் தெரியும். வண்டியை எடு."

வண்டி நகர்ந்தது. பின்னால் கதவு திறக்கிற சத்தம். துக்க வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை. ஆனால் காரில் பக்கவாட்டில் கண்ணாடி வைத்திருக்கிறானே, அதில் தெரிந்ததற்கு நான் என்ன செய்வேன்? செருப்புக்கூட இல்லாமல் பனியில் இறங்கி ஓடி வருகிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தைதானே? அதைத்தான் கத்துகிறாள். "அப்பா! சாப்பிடு! அப்பா! சாப்பிடு!"

பின்னாலேயே குழந்தை. வெளிக் கேட் வரைக்கும் ஓடி வந்தது. அங்கே வந்ததும் நின்றுவிட்டது. பச்சை காட்டினால்தானே தாண்டும்? அது எங்கள் சட்டம்.

பிஜு, "வண்டியை நிறுத்தட்டா அங்கிள்?" என்றான்.

வேண்டாம் என்றேன். அந்த வீட்டுக்கு நல்லது செய்தேன், தம்பி. வழக்கத்தை வழக்கப்படி செய்தேன்.

சிறுவாச்சூர் வந்தாயிற்றா? இன்னும் இல்லையா? சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் அவள் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்து எந்தப் பாஷையில் பேசுவது? ஆனால் டீக்கடையில் மட்டும், தினமும் பேசுகிறார்கள், வா வா என்று கெஞ்சுகிறார்கள், நான்தான் குளிர் ஆகாது என்று போகவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் இல்லை. கெஞ்சியிருப்பார்கள், எடுத்திருந்தால்.

அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், என் போனுக்கு ஒரு படம் வந்தது. இருங்கள், காட்டுகிறேன். இதைப் பாருங்கள். மேஜை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி. இது அக்னி, இது அவள் அம்மா, இது மாயா. மூன்று பேர். தட்டு எத்தனை? எண்ணுங்கள். நாலு. நாலாவது தட்டில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் காலி நாற்காலி. குழந்தை அந்தத் தட்டைக் கையால் காட்டுகிறது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள். தமிழில். அவள் அப்பன் எப்போதோ எழுதிக் காட்டியிருப்பான் போல. துணைக்கால் திரும்பி நிற்கிறது, ஆனால் படிக்கலாம். தாத்தா.

இல்லாத ஆளுக்கு இலை போட்டால் அதற்கு என்ன பெயர், தம்பி? நம் வீட்டில் எப்போது போடுவோம்? செத்தவர்களுக்குத்தானே? படையல்தானே? என் மகனுக்குப் போட்டிருந்தால் நானே இங்கிருந்து கும்பிட்டிருப்பேன். எனக்கு! உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிற எனக்கு! சொல்லாமல் போன கிழவனை மகனோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டோம் என்று படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கே ஆற்றில் இறங்கித் தலை முழுகினேன்.

ஆனாலும் படத்தை அழிக்கவில்லை. அழிக்கத் தெரியாது, அதனால்தான்.

வருஷா வருஷம் வருகிறது. இது இரண்டாவது வருஷம், முன்பல் இரண்டும் இல்லை. இது மூன்றாவது, முடியை வெட்டிவிட்டார்கள், ஏன் வெட்டினார்களோ. இது போன வருஷம். உயரமாகிவிட்டாள் இல்லையா? நாலு படத்திலும் அதே தட்டு. நாலு படத்திலும் கீழே அவர்கள் பாஷையில் ஏதோ எழுதியிருக்கிறாள். யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வது? சொன்னால் டீக்கடையில் நான் கட்டி வைத்த போலந்து மொத்தமும் இடிந்து விழும்.

நீங்கள்தான் மூன்று வருஷமாக அங்கே இருக்கிறீர்களே. வாசிக்க வரும்தானே? வாசியுங்கள். மெதுவாக.

என்ன? மறுபடி சொல்லுங்கள்.

யாருக்கு? திடீரென்று வந்து கதவைத் தட்டுகிறவனுக்கா? எல்லா வீட்டிலுமா வைப்பார்கள்? நீங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டு அம்மாகூட வைத்தார்களா? முதல் வருஷம் நீங்களே அந்தத் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? வழிப்போக்கன் வந்தால் இடம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாதென்று, ஒரு தட்டு கூடுதலாக... அப்படியென்றால் செத்தவர்களுக்கு இல்லை. உயிரோடு இருந்து, நடந்து வருகிறவனுக்கு.

சரி, இதில் என்ன எழுதியிருக்கிறாள்? "உங்கள் தட்டை வைத்திருக்கிறோம். மாயா கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள்." நாலு வருஷமும் இதேதானா? போன வருஷத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறதா? "நாங்கள் என்ன தவறு செய்தோம்?"

கொஞ்சம் இருங்கள், தம்பி. இந்த ஜன்னலை ஏற்றிவிடுங்கள். காற்று முகத்தில் அடிக்கிறது. இல்லை, இறக்கிவிடுங்கள். ஏற்ற வேண்டாம்.

நான் உங்களிடம் ஒன்று மறைத்துவிட்டேன். பொய் இல்லை, மறைத்தேன். அறிவு அன்றைக்கு எதற்குப் போனான் என்று சொல்லவில்லை. பெரிய ஊரில் வங்காளதேசத்துக்காரன் கடை ஒன்று இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெற்றிலை வருமாம். அதற்குத்தான் போனான். வாங்கிவிட்டுத் திரும்பும்போதுதான்.

போலீஸ்காரர்கள் அவன் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அக்னி சமையல் மேஜையில் கொட்டினாள். பர்ஸ், போன், சாவி, ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தாள். குளிரில் கறுத்துப்போன பத்துப் பன்னிரண்டு இலை. ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டி, "அப்பா?" என்று கேட்டாள். என்ன இது என்று கேட்கிறாள்.

நான் தெரியாது என்று கையை விரித்தேன்.

கரடி வரிசையில் நின்றது என்று சொன்னவன் நான். டீயைக் கயிறாகத் திரித்தவன். என் ஆயுசில் நான் சொன்ன பொய்யிலேயே சின்னது அதுதான். வாயைக்கூடத் திறக்கவில்லை.

அவள் அந்த இலையை வீசவில்லை, தம்பி. எங்கள் ஊரிலிருந்து வந்த ஏதோ புனிதமான சாமான் என்று நினைத்தாள் போல. இஸ்திரி போட்ட கைக்குட்டையில் மடித்து, சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவன் கோட்டுப் பைக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? ஆனால் நான் கிளம்பியது அதனால் இல்லை. வழக்கத்தினால்தான். அதைத்தான் நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆமாம், அவளிடம். கப்பல் பட்டறைக்குப் பின்னால், சிவப்பு ஓடு போட்ட மூன்றாவது வீடு. பிஜுவைக் கேட்டால் காட்டுவான். பண்டிகைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, நீங்கள் அதற்குள் போய்விடுவீர்கள் அல்லவா? எங்கள் பக்கம் துக்க வீட்டில் சொல்லிக்கொள்ள மாட்டோம், சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கம் வரும் என்று பயப்படுவோம், கோபத்தினால் இல்லை என்று சொல்லுங்கள். அந்த இலைக்கு வெற்றிலை என்று பெயர் என்றும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால்... கேட்டால் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மட்டும் எதையாவது சொல்லிச் சமாளியுங்கள். ஒரு கரடி சொன்னது என்று சொல்லுங்கள்.

கண்டக்டர் கத்துகிறாரா? பெரம்பலூரா? நான் இறங்க வேண்டும்.

சென்னையா? கண் ஆஸ்பத்திரியா? கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தம்பி. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. டிக்கெட் இதுவரைக்கும்தான் எடுத்தேன். உங்கள் மாமனார் டீக்கடையில் சொன்னார், மாப்பிள்ளை பதினோரு மணி பஸ்ஸில் போகிறார், போலந்துக்கு என்று. ஒன்பதரைக்கே வந்து நின்றுகொண்டேன். பக்கத்து இடத்தில் உட்கார வந்த ஆளிடம், எனக்கு வாந்தி வரும், ஜன்னல் பக்கம் வேண்டும் என்று சொல்லி எழுப்பிவிட்டேன். அது ஒரு பொய். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் பிடியுங்கள். துணிதான், பயப்படாதீர்கள், விமானத்தில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பச்சைக் கொடி. ரிடையர் ஆனபோது சிவப்பைத் திருப்பிக் கொடுத்தேன், இதைக் காணோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழந்தை கையில் கொடுங்கள். ஏறக்குறைய ஐந்து வருஷமாகக் கேட்டில் நிற்கிறது. தாண்டட்டும்.

இருங்கள், இருங்கள், கண்டக்டர், வயசானவன் இறங்க வேண்டாமா?

இது துக்க வீடு இல்லையே, பஸ்தானே? சொல்லிக்கொண்டே இறங்கலாம். போயிட்டு வரேன், தம்பி. இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும், அவளிடம்கூட, சொல்லிவிடாதீர்கள்.